வீட்டுப் பவளத் தொட்டிப் பராமரிப்பு

பவளத் தொட்டி என்பது பவளங்கள், மீன்கள், நத்தைகள், நண்டுகள் போன்ற கடல் உயிர்களை ஒரே கண்ணாடித் தொட்டியில் உப்புநீரில் சேர்த்து வளர்க்கும் அமைப்பு ஆகும். மீன்களை மட்டும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியிலிருந்து இது வேறுபட்டது. நீரின் தரத்தில் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கங்களை மீன்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஓரிடத்தில் ஒட்டி வாழும் பவளங்களால் அவ்வாறு தாங்க இயலாது. கடலின் நீர்ப்பரப்பு மிகப் பெரியது என்பதால் அதன் உப்பு, வெப்பம், காரத்தன்மை ஆகியவை மெதுவாகவே மாறும். சில நூறு லிட்டர் நீரில் அவை ஒரே நாளில் மாறிவிடக்கூடும். எனவே பவளத் தொட்டிப் பராமரிப்பின் பெரும்பகுதி நீரின் தன்மையை மாறாமல் வைத்திருப்பதாகவே அமைகிறது.

பின்னணி

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1961-இல் வெளியான ஒரு கட்டுரையில் தாம் கையாண்ட எளிய முறையை விளக்கினார். இயற்கைக் கடல்நீர், கடலிலிருந்து எடுத்த பாறைகள், காற்றுக்குமிழ்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு அவர் பவளங்களை வளர்த்தார். அப்பாறைகளின் துளைகளில் வாழ்ந்த பாக்டீரியாக்களே நீரைத் தூய்மை செய்தன. இத்தகைய பாறை பின்னர் உயிர்ப்பாறை எனப் பெயர் பெற்றது. அதன்பின் ஜெர்மனியில் உருவான பெர்லின் முறை, உயிர்ப்பாறையுடன் நுரைப்பிரிப்பானையும் வலுவான விளக்குகளையும் சேர்த்தது. இன்றைய வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலானவை இம்முறையின் வழிவந்தவையே.

பவளத்தின் இயல்பு

பவளம் தாவரம் போலத் தோன்றினாலும் அது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து ஒரு பவளத்தை உருவாக்குகின்றன. பாறை கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. இப்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் உருவாக்கும் உணவின் பெரும்பங்கு பவளத்திற்குக் கிடைக்கிறது. பவளம் வெளியிடும் கரியமில வாயுவும் கழிவுகளும் பாசிக்குப் பயன்படுகின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானாலோ வேறு நெருக்கடி ஏற்பட்டாலோ பவளம் தன் பாசிகளை இழந்து வெண்மையாகிறது. இது பவள வெளிறல் எனப்படுகிறது. வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. ஆனால் நிலைமை சீராகாவிட்டால் சில வாரங்களில் பட்டினியால் இறக்கலாம்.

பாறை கட்டும் பவளங்கள் நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் கூட்டை அமைக்கின்றன. ஆகவே இவற்றுக்கு ஒளி, நீரோட்டம், நிலையான வெப்பம், சுண்ணாம்புக்கான மூலப்பொருள்கள் ஆகிய நான்கும் இடைவிடாது கிடைக்க வேண்டும்.

தொட்டியும் கருவிகளும்

சிறிய தொட்டியே எளிது என்று தொடக்கநிலையாளர் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் நீரின் அளவு கூடக்கூட மாற்றங்கள் மெதுவாகவே நிகழும். 40 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் இறந்து அழுகினால் நீர் முழுவதும் நஞ்சாகலாம். அதே மீன் 200 லிட்டர் தொட்டியில் இறந்தால் நிலைமையைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். எனவே முதல் தொட்டிக்கு 150 முதல் 200 லிட்டர் வரையிலான அளவு பொருத்தமானது. 200 லிட்டர் நீர் மட்டுமே 200 கிலோ எடை கொண்டது. கண்ணாடி, பாறை, மணல் ஆகியவற்றின் எடையும் சேர்வதால் தொட்டியைத் தாங்கும் மேசை உறுதியாகவும் சமமட்டமாகவும் இருக்க வேண்டும்.

சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டி, வெப்பமாக்கி, நீரேற்றி, நுரைப்பிரிப்பான் ஆகியவற்றை மறைவாக வைக்க உதவுகிறது. கடைகளில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று விற்கப்படும் நுரைப்பிரிப்பான், நீரில் நுண்ணிய காற்றுக்குமிழ்களைச் செலுத்துகிறது. புரதம் போன்ற கரிமக் கழிவுகள் குமிழ்களின் மேற்பரப்பில் ஒட்டி நுரையாக மேலெழுந்து ஒரு கிண்ணத்தில் சேர்கின்றன. கழிவுகள் அழுகி நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே அவற்றை வெளியேற்றுவது இக்கருவியின் சிறப்பு. நீரில் ஆக்சிஜன் கலக்கவும் இது உதவுகிறது.

நீரைத் தயாரித்தல்

குழாய்நீரில் குளோரின், செம்பு, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவை இருக்கக்கூடும். மீன்களுக்குப் பாதிப்பில்லாத மிகச் சிறிய அளவு செம்புகூட நத்தை, இறால், பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லக்கூடும். எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டப்பட்டு, அதன்பின் அயனிநீக்கப் பிசின் வழியாகச் செலுத்தப்பட்ட நீரே பயன்படுத்தப்படுகிறது. அந்நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு சுழியமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். வீட்டுக் குடிநீருக்கான ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்கள் மீண்டும் சேர்க்கப்படுவதால் அந்நீர் போதிய அளவு தூய்மையானது அன்று.

இந்நீரில் கடலுப்புக் கலவையைச் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கப்படுகிறது. சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் ஆகியவையும் குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளன. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் கலவை தேவைப்படும். சரியான அளவை உற்பத்தியாளரின் குறிப்பிலிருந்து அறியலாம். கலவையைத் தொட்டியில் நேரடியாகக் கொட்டாமல், தனி வாளியில் நீரேற்றி கொண்டு முழுவதும் கரைத்து, உப்புத்தன்மையையும் வெப்பத்தையும் சரிபார்த்த பின்னரே சேர்க்க வேண்டும்.

நைட்ரஜன் சுழற்சி

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உருவாகிறது. இது கடும் நச்சுத்தன்மை கொண்டது. ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உயிர்ப்பாறையின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்த துளைகளில் நைட்ரேட்டின் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது.

புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இக்காலத்தில் தொட்டி வெறுமையாகத் தோன்றினாலும் உள்ளே தேவையான பணி நடந்துகொண்டிருக்கிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து, பின்னர் இரண்டும் சுழியத்தை அடைந்ததைச் சோதனை காட்டும் வரை மீன்களைச் சேர்க்கக் கூடாது. அதன் பிறகும் ஒரே நேரத்தில் பல மீன்களை விடாமல், சில வார இடைவெளியில் ஒன்றிரண்டாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. அப்போதுதான் கூடும் கழிவுக்கேற்பப் பாக்டீரியாக்களும் பெருக இயலும்.

பேண வேண்டிய நீர் அளவுகள்

- வெப்பநிலை: 24 முதல் 27 பாகை செல்சியசு
- உப்புத்தன்மை: ஆயிரத்திற்கு 35 பங்கு (ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026)
- காரகாடித்தன்மைச் சுட்டெண்: 8.0 முதல் 8.4
- காரத்தன்மை: 7 முதல் 10 டி.கே.எச்.
- கால்சியம்: லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்
- மக்னீசியம்: லிட்டருக்கு 1250 முதல் 1350 மில்லிகிராம்
- நைட்ரேட்: லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம்
- பாஸ்பேட்: லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம்
- அமோனியா, நைட்ரைட்: சுழியம்

இவ்வரம்புகளுக்குள் எந்த எண்ணைப் பேணுவது என்பதைவிட, அந்த எண் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே முதன்மையானது. காரத்தன்மை எப்போதும் 7.5-இல் நிற்கும் தொட்டி, வாரந்தோறும் 7-க்கும் 10-க்கும் இடையே அலையும் தொட்டியைவிடப் பவளங்களுக்கு ஏற்றது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் இல்லாமல் போவதும் நல்லதன்று. பவளங்களுக்கும் அவற்றின் பாசிகளுக்கும் இவை சிறிதளவு தேவை.

காரத்தன்மையும் கால்சியமும்

பவளங்கள் கூடு கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரு நிலையான விகிதத்தில் பயன்படுத்துகின்றன. காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறையும்போது கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் மட்டுமே குறைகிறது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 200 லிட்டர் தொட்டி ஒன்றில் பவளங்கள் நாளொன்றுக்கு 0.5 டி.கே.எச். அளவு காரத்தன்மையைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். இது நாள்தோறும் ஏறத்தாழ 1.8 கிராம் சுண்ணாம்புக்கூடு உருவாவதற்குச் சமம். ஈடுசெய்யாமல் விட்டால் ஒரு வாரத்தில் காரத்தன்மை 8.4-இலிருந்து 4.9-க்கு இறங்கக்கூடும். அதே வாரத்தில் கால்சியம் 420-இலிருந்து 395-க்கு மட்டுமே குறைந்திருக்கும். கால்சியத்தை மட்டும் சோதிப்பவர் தொட்டி ஏறக்குறைய நலமாக இருப்பதாக எண்ணுவார். பவளங்களோ அதற்குள் வளர்ச்சியை நிறுத்தித் திசுக்களை இழக்கத் தொடங்கியிருக்கும். எனவே பவளத் தொட்டியில் அடிக்கடி சோதிக்க வேண்டிய முதல் அளவு காரத்தன்மையே.

இழப்பை ஈடுசெய்யச் சில வழிகள் உள்ளன. பவளங்கள் குறைவாக உள்ள தொட்டியில் தவறாத நீர்மாற்றமே போதுமானதாக இருக்கலாம். பவளங்கள் கூடும்போது இருபகுதிக் கரைசல் பயன்படுத்தப்படுகிறது. இதில் ஒரு கரைசல் கால்சியம் குளோரைடையும் மற்றொன்று சோடியம் பைகார்பனேட் அல்லது கார்பனேட்டையும் கொண்டது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் நாள்தோறும் ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட் காரத்தன்மை இழப்பை ஈடுசெய்யும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பு வீழ்படிவாகிவிடும் என்பதால் வெவ்வேறு நேரங்களில் சேர்க்க வேண்டும். மற்றொரு வழி, ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது. இது கடும் காரம் என்பதால் மிக மெதுவாகவே சேர்க்க வேண்டும். காரத்தன்மை வெகுவாகக் குறைந்துவிட்டாலும் ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது.

மக்னீசியம் போதாதபோது கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே இணைந்து வீழ்படிவாகின்றன. எவ்வளவு சேர்த்தும் காரத்தன்மையும் கால்சியமும் நிலைக்காத தொட்டியில் மக்னீசியத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆவியாதலும் நீர்மாற்றமும்

நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் நாள்தோறும் 3 லிட்டர் ஆவியானால் ஒரு வாரத்தில் 21 லிட்டர் குறையும். அப்போது ஆயிரத்திற்கு 35 பங்காக இருந்த உப்பு 39 பங்காகிவிடும். எனவே ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத தூய நீரையே சேர்க்க வேண்டும். உப்புநீரைச் சேர்த்தால் உப்பு மேலும் கூடும். இவ்வேலையை நாள்தோறும் கையால் செய்யலாம். நீர்மட்டத்தை உணர்ந்து தானாக நீர் சேர்க்கும் கருவிகளும் உள்ளன.

நீர்மாற்றத்தின் நோக்கம் வேறு. பழைய நீரில் ஒரு பகுதியை அகற்றி, அதே உப்புத்தன்மையும் வெப்பமும் கொண்ட புதிய உப்புநீரைச் சேர்ப்பதால் கழிவுகள் நீர்த்துப்போகின்றன. பயன்படுத்தப்பட்ட நுண்தாதுக்களும் மீள்கின்றன. வாரந்தோறும் 10 விழுக்காடு மாற்றுவது பரவலான வழக்கம். இதன் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. நைட்ரேட் 40 ஆக இருக்கும் தொட்டியில் ஒருமுறை 10 விழுக்காடு நீரை மாற்றினால் அது 36 ஆகவே குறையும். புதிதாக நைட்ரேட் உருவாகாவிட்டாலும் அதைப் பாதியாக்க ஏறத்தாழ 7 முறை மாற்ற வேண்டும். ஆகவே நைட்ரேட் தொடர்ந்து உயர்ந்தால் உணவின் அளவு, மீன்களின் எண்ணிக்கை, நுரைப்பிரிப்பானின் செயல்பாடு ஆகியவற்றைச் சீர்செய்வதே தீர்வாகும்.

ஒளி, நீரோட்டம், வெப்பம்

நீல ஒளி கடல்நீரில் ஆழம் வரை ஊடுருவுகிறது. பவளங்களின் பாசிகளும் அதை நன்கு பயன்படுத்துகின்றன. இதனால் பவளத் தொட்டி விளக்குகளில் நீலம் மிகுந்திருக்கும். நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேர ஒளி போதுமானது. புதிய விளக்கைப் பொருத்தும்போது முதலில் குறைந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். திடீரெனக் கூடும் ஒளியும் வெளிறலை உண்டாக்கும்.

நீரோட்டம் பவளங்களுக்கு ஆக்சிஜனையும் உணவையும் கொண்டுவந்து, அவற்றின் மேல் படியும் சளியையும் கழிவையும் அகற்றுகிறது. ஒரே திசையில் பீய்ச்சும் நீர் திசுக்களைக் கிழித்துவிடும். திசை மாறி மாறி வரும் ஓட்டமே ஏற்றது.

வெப்பமான ஊர்களில் தொட்டியைச் சூடாக்குவதைவிடக் குளிர்விப்பதே பெரிய பணி. விளக்கும் நீரேற்றியும் நீரை மேலும் சூடாக்குகின்றன. நீரின் மேற்பரப்பில் மின்விசிறி வீசினால் ஆவியாதல் மூலம் வெப்பம் சில பாகைகள் குறையும். ஆனால் அதற்கேற்ப நன்னீர் சேர்க்கும் அளவும் கூடும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இம்முறையின் பயன் குறைவு என்பதால் குளிர்விப்பான் தேவைப்படலாம்.

மின்தடையின்போது முதலில் ஏற்படும் இடர் ஆக்சிஜன் குறைவதே. மின்கலத்தில் இயங்கும் காற்றேற்றி ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது பல உயிர்களைக் காக்கும். மின்தடை நேரத்தில் மீன்களுக்கு உணவிடக் கூடாது.

உயிர்களைத் தேர்ந்தெடுத்தல்

தோல்பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்கள் தொடக்கத்திற்கு ஏற்றவை. கிளைவிடும் கல்பவளங்கள் ஓராண்டாவது நிலைபெற்ற தொட்டிக்கே பொருந்தும். மீன்களில் கோமாளி மீன் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கப்படுகிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன் இனப்பெருக்க நுட்பங்களை உருவாக்கியுள்ளது. பண்ணையில் பிறந்த மீன்கள் தொட்டி வாழ்வுக்கும் உலர் உணவுக்கும் பழகியவை.

அழகுக்காக வாங்கப்படும் சில மீன்கள் வீட்டுத் தொட்டிக்குப் பொருந்துவதில்லை. நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும். நீந்துவதற்கு நீண்ட இடம் வேண்டும். மாண்டரின் மீன் பாறைகளில் வாழும் நுண்ணிய ஓட்டுயிர்களையே பெரிதும் உண்பதால் புதிய தொட்டியில் மெல்லப் பட்டினி கிடந்து இறக்கும்.

நோயும் பாசியும்

புதிய மீன்களை 4 முதல் 6 வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே பவளத் தொட்டியில் விட வேண்டும். கிரிப்டோகாரியன் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் தொட்டி முழுவதும் பரவக்கூடியது. இதற்கான செம்பு மருந்து பவளங்களைக் கொல்லும் என்பதால் பவளத் தொட்டியில் அதைப் பயன்படுத்தவே முடியாது. மீன்களைப் பிடித்து வெளியே எடுத்து மருந்திடுவதும், பவளத் தொட்டியைப் பல வாரங்கள் மீனின்றி விடுவதுமே வழி.

தொடக்க மாதங்களில் பழுப்பு நிறப் பூச்சாக டையட்டம் தோன்றி, தானே மறைவது இயல்பு. பச்சை இழைப்பாசியும் செந்நிறச் சயனோபாக்டீரியாவும் நீடித்தால் அது பெரும்பாலும் மிகை உணவின் அறிகுறி. நத்தைகளும் துறவி நண்டுகளும் பாசியைத் தின்று உதவும். ஆயினும் பாசிக்கான காரணத்தை அவை நீக்குவதில்லை.

பராமரிப்பு ஒழுங்கு

- நாள்தோறும்: வெப்பநிலை, நீர்மட்டம், மீன்களின் எண்ணிக்கை, பாலிப்புகள் விரிந்துள்ளனவா என்பதைப் பார்த்தல், மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுதல்.
- வாரந்தோறும்: காரத்தன்மையை இரண்டு அல்லது மூன்று முறையும், உப்புத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை ஒருமுறையும் சோதித்தல், நீர்மாற்றம், கண்ணாடியையும் நுரைப்பிரிப்பானின் கிண்ணத்தையும் கழுவுதல்.
- இரு வாரத்திற்கு ஒருமுறை: கால்சியம், மக்னீசியம் சோதித்தல்.
- சில மாதங்களுக்கு ஒருமுறை: நீரேற்றிகளைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவை நீக்குதல்; வடிகட்டிகளை மாற்றுதல்; ஒளிவிலகல்மானியைத் திருத்தக் கரைசல் கொண்டு சரிபார்த்தல்.

சோதனை முடிவுகளைத் தேதியுடன் குறித்துவைப்பது பயன்தரும். ஒரு பவளம் சுருங்கியபோது முந்தைய வாரத்தில் எது மாறியது என்பதைக் குறிப்பேடே காட்டும். காரணம் தெரியாமல் ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்வது நிலைமையை மோசமாக்கும்.

வளர்ப்பவரின் பாதுகாப்பு

வீட்டுத் தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் சோவாந்திட் வகை உயிர்கள் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா இனங்களில், பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு உள்ளது. தோலிலுள்ள வெட்டுக்காயம், கண், மூச்சு ஆகியவற்றின் வழியாக இது உடலுக்குள் செல்லக்கூடும். இவற்றைக் கையாளும்போதும் வெட்டும்போதும் கையுறையும் கண்காப்பும் அணிய வேண்டும். இவை படர்ந்த பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்தோ சூடுநீர் ஊற்றியோ ஒருபோதும் சுத்தம் செய்யக் கூடாது. நஞ்சு நீராவியோடு கலந்து வீட்டிலுள்ள அனைவரையும் பாதிக்கலாம். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பதால் தொட்டியின் மின்னிணைப்புகளுக்கு மின்கசிவுத் துண்டிப்பானும், மின்கம்பிகளில் நீர் சொட்டி நிற்கும்படியான வளைவும் தேவை.

சட்டமும் கடலும்

அனைத்துலக வணிகத்தில் கல்பவளங்கள் சைட்டீசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பின் கீழ் கட்டுப்படுத்தப்படுகின்றன. இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளங்கள், நெருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். எனவே தொட்டி அமைக்க விரும்புவோர் கடலில் உடைத்த பாறைக்கு மாற்றாகச் செயற்கையாக வார்த்த நுண்துளைப் பாறையைப் பயன்படுத்தலாம். அதிலும் சில மாதங்களில் பாக்டீரியாக்கள் குடியேறிவிடும். எந்த உயிரையும் வாங்கும் முன் அதன் மூலத்தையும் சட்ட நிலையையும் கேட்டறிய வேண்டும். பண்ணையில் வளர்ந்த மீன்களையும் சட்டம் அனுமதிக்கும் உயிர்களையும் மட்டும் கொண்டே நிறைவான தொட்டியை அமைக்க இயலும்.

கடலிலிருந்து பவளத்தை அகற்றுவதன் விளைவு மன்னார் வளைகுடாவில் தெளிவாகத் தெரிகிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட அங்குள்ள கடல்சார் தேசியப் பூங்கா, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்டிருந்தது. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 200 லிட்டர் நீரில் நாள்தோறும் 2 கிராமுக்கும் குறைவான சுண்ணாம்பைப் பவளம் சேர்ப்பதற்கு எவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்பதை அறிந்தவருக்கு, அத்தீவுகளைத் தாங்கிய பாறை மீண்டும் உருவாக எவ்வளவு காலம் வேண்டும் என்பதும் புரியும்.